வெள்ளிக்கிழமை வரை சொல்லாதே

1

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, ஆபீஸ் கார் நிறுத்துமிடத்தில் மோரீன் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினாள். மோரீன் எங்கள் பிரிவுக்குத் தலைவி. ஐம்பது வயதைத் தாண்டியவள். பேசும்போது கையில் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே இருப்பாள். அன்று ஆட்டவில்லை.

"நான் இதைச் சொல்லக் கூடாது" என்றாள். "வெள்ளிக்கிழமை உங்கள் ஐந்து பேருக்கும் கடைசி நாள். கேக் வெட்டிவிட்டுச் சொல்லப் போகிறார்கள்."

மெல்போர்னுக்கு நாங்கள் குடும்பத்தோடு வந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. இந்த இன்சூரன்ஸ் கம்பெனியில் ஒப்பந்த வேலைக்கு நான் சேர்ந்து பதினான்கு மாதம். இரண்டாயிரம் பிறந்தவுடன் கம்ப்யூட்டர்கள் தேதியைக் குழப்பிவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருக்கிறதே, அதைச் சரிசெய்யும் வேலை. புரோகிராம் எழுதுகிறவர்கள் நிரந்தர ஊழியர்கள். அவர்கள் திருத்தியதை ஓட்டிப் பார்த்து, பழைய பாலிசிகளோடு ஒப்பிட்டு, பிசகு இருந்தால் எழுதி வைக்கிற நாங்கள் ஐந்து பேர் 'சப்போர்ட்'. கெடுவுக்கு ஐந்து வாரம் முன்பே வேலை முடிந்துவிட்டது. பிசகே இல்லை என்று மேலே இருந்து பாராட்டுக் கடிதம் வந்து, அதைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

"பக்கத்து ஊர் கிளினிக்கில் ரிக்கார்டு பார்க்க ஓர் ஆள் வேண்டுமாம். ஒரே ஓர் இடம்தான். வியாழக்கிழமைக்குள் போய்ப் பார்" என்றாள் மோரீன். "உனக்குக் குழந்தை இருக்கிறது என்பதால் சொல்கிறேன். மற்றவர்களிடம் வெள்ளிக்கிழமை வரை சொல்லாதே. எனக்குச் சிக்கலாகிவிடும்."

நன்றி சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. காருக்குள் உட்கார்ந்தவள், சாவியைப் போடாமல் அப்படியே இருந்தேன். வேலை போகப்போவது உறைக்கவில்லை. அவள் சொல்லிவிட்டாளே, அதுதான் உறைத்தது. சொல்லாதே என்று மேலிடம் சொன்னதை ஒருத்தி சொல்லிவிட்டாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

தாம்பரத்தில் எனக்கும் அந்த அரை நிமிடம் கிடைத்தது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

இப்போது என் நாள் எப்படிப் போகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இவர் ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார். நித்யாவை எட்டரைக்குப் பள்ளியில் விடுவேன். அவளுக்கு எட்டு வயது. பள்ளி வாசலுக்கு இரண்டு வீடு முன்பே, "இங்கே போதும்மா" என்று இறங்கிக்கொள்கிறாள். வாசலில் நான் தமிழில் ஏதாவது சொல்லிவிடுவேன் என்ற பயம். "சாப்பாட்டை மிச்சம் வைக்காதே" என்பதைத் தவிர நான் அங்கே வேறெதுவும் சொன்னதில்லை.

போன வாரம் பள்ளி விடுமுறை. வேலை தேடித் தரும் அரசு அலுவலகத்துக்கு அவளையும் அழைத்துப் போனேன். எட்டுப் பக்கப் படிவம். 'முந்தைய வேலையிலிருந்து விலகிய காரணம்' என்று ஒரு கேள்வி, கீழே கட்டங்கள். தானாக விலகியது, ஒழுங்கு நடவடிக்கை, உடல்நலம், ஆள்குறைப்பு, மற்றவை. நான் ஆள்குறைப்பு என்ற கட்டத்தில் குறி போட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் தலையை ஆட்டினாள். ஒப்பந்தம் முடிந்தால் அது ஆள்குறைப்பு ஆகாதாம். அப்படியானால் என்ன என்று கேட்டேன். 'மற்றவை' என்று குறித்து விளக்கம் எழுத வேண்டுமாம். வேலை நன்றாக முடிந்துவிட்டது என்று எழுதினேன். அவள் படித்துவிட்டு, "இது காரணம் இல்லையே" என்றாள்.

நித்யா இந்த ஊர் உச்சரிப்பிலேயே, "அம்மா வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டாள், அதனால்தான்" என்று ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். எனக்கு முகம் சுட்டது. எங்கள் இருவரில் யார் யாரை அழைத்து வந்தது என்று அங்கிருந்தவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

காரில் திரும்பும்போது, "இந்தியாவில் நீ என்ன வேலை பார்த்தாய்?" என்று கேட்டாள். இதே மாதிரிதான் என்றேன். "அங்கேயும் சீக்கிரம் முடித்துவிட்டாயா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு ரேடியோவைப் போட்டேன்.

3

நாங்கள் அப்போது பீர்க்கன்கரணையில் ஏரிக்கு அந்தப் பக்கம் வாடகைக்கு இருந்தோம். இவர் கிண்டியில் ஒரு பட்டறையில் டிசைன் பிரிவில் இருந்தார். நித்யாவுக்கு இரண்டரை வயது. எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, பெருங்களத்தூரில் ரயில் ஏறி தாம்பரம் சானடோரியத்தில் இறங்குவேன். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஏற்றுமதி வளாகம். அதற்குள் ஒரு கம்பெனி.

வெளிநாட்டு நூலகம் ஒன்றின் பழைய புத்தக அட்டைகளை ஜெராக்ஸ் எடுத்துப் பெட்டி பெட்டியாக அனுப்புவார்கள். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் திருப்பி அனுப்ப வேண்டும். பெட்டி பிரித்து எண் போடுவது, தட்டச்சு செய்வது, சரிபார்ப்பது, டேப்பில் பதிவது என்று முப்பத்தெட்டுப் பெண்கள். குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர் பக்கத்துப் பெண்கள். எங்கள் பெயர் அங்கேயும் 'சப்போர்ட்' தான். காண்டிராக்டர் மூலம் வந்தவர்கள். கம்பெனி ஆட்களுக்குப் பிளாஸ்டிக் அட்டை, எங்களுக்கு மஞ்சள் காகித அட்டை. மழையில் நனைந்தால் வாசல் காவலர் உள்ளே விட அரை மணி நேரம் யோசிப்பார்.

காண்டிராக்டில் லீவு கிடையாது. வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். ஸ்டெல்லாவின் குழந்தைக்கு அம்மை போட்டபோது அவளுக்கு நான்கு நாள் லீவு வேண்டியிருந்தது. ஸ்டெல்லா பல்லாவரத்துப் பெண். என்னோடு சரிபார்ப்பில் இருந்தாள். கணவருக்குத் தோல் ஷெட்டில் வேலை, வாரத்தில் மூன்று நாள்தான் இருக்கும். வீடு இவள் சம்பளத்தில் ஓடியது. அந்த நான்கு நாளும் அவள் பங்கையும் சேர்த்து நான் பார்த்து முடித்தேன். வேலை நிற்கவில்லை என்பதால் மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை.

அதிலிருந்துதான் ஜோடி முறை வந்தது. என் யோசனை. ஒவ்வொருத்தியும் தன் வேலையை இன்னொருத்திக்குக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும். ஒருத்தி வராத நாளில் ஜோடி பார்த்துக்கொள்வாள். பெண் பார்க்க வருகிறார்கள், நாத்தனாருக்கு வளைகாப்பு, காய்ச்சல், எதுவாக இருந்தாலும் லீவு கேட்கவே வேண்டியதில்லை. பத்தொன்பது ஜோடியையும் ஓர் அட்டையில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதிச் சுவரில் மாட்டினேன். பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கினவளின் திமிர் அதில் இருந்திருக்கும். எனக்கு ஸ்டெல்லா ஜோடி. கம்பெனி டைப்பிஸ்ட் கலாவதியும் கெஞ்சிக் கேட்டதால், அவள் வராத நாளில் நான் டைப் அடிப்பேன் என்று அட்டையின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்.

"ஏன்க்கா, என் வூட்டுக்காரருக்கும் ஒரு ஜோடி போட்டுக் குடேன். அது குடிச்சிட்டு வர்ற அன்னிக்கி வேற ஆளு வரட்டும்" என்பாள் ஸ்டெல்லா. அறை முழுக்கச் சிரிக்கும்.

4

வேலை சொன்ன நாளுக்கு ஒரு மாதம் முன்பே முடியும் நிலைக்கு வந்தது. நூலகத்திலிருந்து பாராட்டி ஃபேக்ஸ் வந்தது. வெள்ளிக்கிழமை விழா என்றார்கள். மேனேஜர் எங்கள் அட்டையைச் சுவரிலிருந்து கழற்றி, ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று எடுத்துப்போனார். விழாவில் காட்டப்போகிறார் என்று நான் நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேனா என்று இப்போது கேட்டால் தெரியவில்லை.

செவ்வாய் மதியம் என்னைக் கூப்பிட்டார். கலாவதி அண்ணன் கல்யாணத்துக்காகத் திண்டிவனம் போயிருந்தாள்.

"சுதா, ஒரு லிஸ்ட் டைப் பண்ணணும். கான்ஃபிடென்ஷியல். உங்க மேல இருக்கிற நம்பிக்கைலதான் குடுக்கறேன்."

பத்தொன்பது பெயர்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று. மூன்றாவது பெயரை அடிக்கும்போதே புரிந்துவிட்டது.

"சார், இவங்கல்லாம்..."

"அடுத்த பிராஜெக்ட் சின்னது. ஒரே வேலைக்கு ரெண்டு பேர் எதுக்குன்னு ஹெட் ஆபீஸ்ல கேக்கறாங்க. ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் செய்ய முடியும்னு நீங்களே சார்ட் போட்டு வெச்சிருக்கீங்களே. நான் என்ன சொல்றது, சொல்லுங்க?" என்றார். பிறகு, "ஃப்ரைடே ஃபங்ஷன் முடியற வரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றார்.

பதினோராவது பெயர் ஸ்டெல்லா. ஆக, எங்கள் ஜோடியில் மிஞ்சியது நான்.

அந்த வாரம் எனக்கு அவரிடம் ஒரு காரியம் இருந்தது. ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பிக்க இவர் படிவங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். மனைவியின் வேலை அனுபவத்துக்கும் மதிப்பு உண்டு, கம்பெனி முத்திரையோடு கடிதம் வேண்டும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். கடிதத்தை நானே டைப் அடித்து மேனேஜர் மேசையில் வைத்திருந்தேன். "ஃப்ரைடேக்கு அப்புறம் சைன் பண்ணித் தரேன்" என்றிருந்தார். அவர் அதை வைத்து என்னை மிரட்டவில்லை. இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரண்டு வெள்ளிக்கிழமைகளையும் முடிச்சுப் போட்டுக்கொண்டது நான்.

மறுநாள் புதன்கிழமை மாலை, சானடோரியம் பிளாட்பாரத்தில் ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் பீச் பக்கம் போகிற வண்டி ஏற வேண்டும், நான் தாம்பரம் பக்கம். தன் வண்டி ஒன்றைப் போகவிட்டாள்.

"யக்கா, ஒண்ணு கேக்கணும். குரோம்பேட்டைல ஒரு ஸ்கூல்ல ஆபீஸ் வேலை கீதாம். எங்க சர்ச்சு சிஸ்டர் சொல்லி வெச்சிக்கிறாங்க. நாளைக்கி சாயங்காலத்துக்குள்ள சரியா இல்லியான்னு சொல்லணும். இல்லாங்காட்டி வேற பொண்ணுக்குக் குடுத்துடுவாங்க."

"சம்பளம்?"

"இத்த விட கம்மிதான். அதான் ரோசனயா கீது. இங்க அடுத்த பிராஜெக்ட் வருதுன்றாங்க. எடுப்பாங்களா எங்களல்லாம்? நீ சொல்லுக்கா. எம் பேரு எதுலனா வந்துக்கீதா?"

எதிர்ப் பக்கம் வண்டி வரும் சத்தம் கேட்டது. என் வண்டி அது.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல ஸ்டெல்லா. நீ எதுக்கு வீணா பயப்படறே?" என்றேன்.

"அவ்ளோதானே? நீ சொன்னா சரி" என்றாள்.

ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. பெருங்களத்தூர் வருவதற்குள் எனக்கே நான் பல சமாதானங்கள் சொல்லிக்கொண்டேன். கடைசி நேரத்தில் பட்டியல் மாறலாம். பள்ளிக்கூட வேலை நிலைக்காமல் போகலாம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். மறுநாள் அவள் குழந்தையைத் தடுப்பூசிக்கு அழைத்துப்போய்விட்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய், வேலை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அன்று அவள் வேலையையும் ஜோடி என்ற முறையில் நான்தான் பார்த்தேன்.

5

விழா நன்றாகவே நடந்தது. வாசலில் கோலம் போட்டு, ஃபேக்ஸைப் பெரிதாக்கி ஒட்டி, எல்லோருக்கும் பிரியாணியும் ஸ்வீட் பாக்ஸும் கொடுத்தார்கள். மேனேஜர் பேசும்போது, இப்படி ஒரு டீமைத் தன் அனுபவத்தில் பார்த்ததே இல்லை என்றார். கண்கூடக் கலங்கியது. நடிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. குரூப் போட்டோ எடுத்தோம். ஸ்டெல்லா என் தோளில் கை போட்டிருந்தாள்.

நான்கு மணிக்குக் காண்டிராக்டரின் ஆள் கவர்களோடு வந்தான். ஒவ்வொருவராகப் பயிற்சி அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே போனவர்கள் திரும்பித் தங்கள் இடத்துக்கு வரவில்லை. பக்கவாட்டுக் கதவு வழியாக வாசலுக்கு அனுப்பினார்கள். அங்கே மஞ்சள் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அவர்களின் டிபன் பாக்ஸ்களும், கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே கழற்றிவிட்ட செருப்புகளும் எங்கள் பக்கம் இருந்தன. மிஞ்சிய பத்தொன்பது பேரும் அவரவர் ஜோடியின் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனோம்.

ஸ்டெல்லா வெறுங்காலோடு நின்றிருந்தாள். நான் செருப்பைக் கீழே வைத்தேன். "இன்னாக்கா, துன்ன பிரியாணி இன்னும் செரிக்கக்கூட இல்ல" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். அவள் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஸ்டெல்லா அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டிபன் பாக்ஸைக் கொடுத்துவிட்டு, போனை எடுக்க வேண்டும் என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். போன் எதுவும் அடிக்கவில்லை.

கடிதம் திங்கள்கிழமை கையெழுத்தாகிக் கிடைத்தது. 'நம்பிக்கைக்கு உரியவர்' என்று மேனேஜர் தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்.

6

விசா வந்த பிறகு, பெட்டி வாங்கப் பல்லாவரம் வெள்ளிச் சந்தைக்குப் போனேன். பழைய சூட்கேஸ் மலிவாகக் கிடைக்கும். ஸ்டெல்லா ஒரு பிளாஸ்டிக் சாமான் கடையில் குடங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். சொந்தக்காரர் கடையாம். சந்தை நாளில் இது, மற்ற நாளில் வீட்டில் தோல் கையுறைக்கு நூல் வெட்டுகிற வேலை. விரல் நுனிகளில் துணி சுற்றியிருந்தாள்.

"யக்கா! ஊருக்குப் போறியாமே? பாப்பா நல்லா கீதா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். டீ வரவழைத்தாள். தலைக்கு மேல் ஒரு விமானம் தாழப் பறந்து போனது. அது போன பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"அந்த லிஸ்டு நீதானே டைப் அடிச்ச?"

எனக்குக் கையில் டீ கிளாஸ் சூடாக இருந்தது. கீழே வைக்க இடம் தேடினேன்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? கலாவதி கல்யாணத்துக்குப் பூட்டா. ரூம்ல மிஷின் சத்தம் கேக்குது. வேற யாரு அடிப்பா? நீதானே அட்டைல எழுதி மாட்டி வெச்சே." ஒரு குடத்தை எடுத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "அதான் உங்கிட்ட வந்து கேட்டேன். லிஸ்டு அடிச்சவ சொன்னா பொய்யா இருக்காதுன்னுதான் போய் சிஸ்டராண்ட வேலை வேணாம்னுட்டு வந்தேன்."

"ஸ்டெல்லா, எனக்கு அந்தக் கடிதம்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்க்கா. உனக்கும் புள்ள கீது." ஓர் அம்மாள் குடத்தைத் தட்டிப் பார்த்து விலை கேட்டாள். ஸ்டெல்லா எழுந்தாள். "ஏம்மா, அத்த தட்டாத, அது இன்னா தவுலா?" என்று வியாபாரத்துக்குப் போய்விட்டாள். அந்த அம்மாள் போன பிறகும் என் பக்கம் திரும்பவில்லை. டீக்குக் காசு நான் கொடுக்கப் போனதற்கு மட்டும், "வெச்சிட்டுப் போவாத" என்று திரும்பாமலே சொன்னாள்.

இதை நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை. இவர் இதைப் படிக்கும்போதுதான் தெரிந்துகொள்வார்.

7

மோரீன் சொன்னதற்கு மறுநாள், புதன்கிழமை மதியச் சாப்பாட்டு அறையில், லான் என்னைக் கேட்டாள். லான் வியட்நாமிலிருந்து வந்தவள். என் பக்கத்து நாற்காலி. எனக்கு நித்யா போல அவளுக்கும் ஒரு பெண். எங்கள் இருவர் ஆங்கிலமும் இரண்டு விதமாக உடைந்தது என்பதால் எங்களுக்குள் வெட்கம் கிடையாது.

"அடுத்த மாத வேலைப் பட்டியல் ஏன் இன்னும் ஒட்டவில்லை? உனக்கு ஏதாவது தெரியுமா?"

மோரீனின் முகம் நினைவுக்கு வந்தது. கிளினிக்கில் ஒரே ஓர் இடம் என்பதும் நினைவுக்கு வந்தது. நான் அன்று காலையே விண்ணப்பம் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தேன்.

"தெரியும். வெள்ளிக்கிழமை நம் எல்லோருக்கும் கடைசி நாள்" என்றேன். கிளினிக்கைப் பற்றியும் சொன்னேன். சொல்லும்போதே பாதியில் நிறுத்திவிடலாமா என்றிருந்தது. மற்றவர்களிடம் வெள்ளிக்கிழமை வரை சொல்லாதே என்றும் சேர்த்துச் சொன்னேன். மோரீன் என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள்.

லான் கரண்டியை வைத்தாள். எழுந்து நேராக மற்ற மூன்று பேரின் மேசைக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். அவள் யோசித்ததாகவே தெரியவில்லை.

விஷயம் மேலிடத்துக்கு எட்டி, வியாழக்கிழமை மோரீனை மேலே கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை கேக் வெட்டும்போது அவள் அங்கே இல்லை. ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஒரு கிளைக்கு மாற்றிவிட்டார்களாம். கிளினிக்குக்கு நானும் லானும் ஒரே நாளில் போனோம். வேலை லானுக்குக் கிடைத்தது. வீட்டில் இவர், "அவகிட்ட சொல்லச் சொல்லி உன்னை யார் கேட்டா?" என்றார். அவள்தான் கேட்டாள் என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை.

இரண்டு வாரம் யோசித்தேன். சொல்லாமல் இருந்து ஒருத்திக்குக் கெடுதல், சொல்லி இன்னொருத்திக்குக் கெடுதல். எது சரி என்று கேட்டால் இப்போதும் தெரியாது. மோரீன் ஏற்கெனவே ஊகித்திருப்பாள்; ஸ்டெல்லா மாதிரி அவளும் என்னைக் கேட்கும்படி விடக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது. நேற்று காலை நித்யாவைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து போன் செய்தேன்.

"நான்தான் லானிடம் சொன்னேன்" என்றேன்.



"லானுக்கு வேலை கிடைத்ததா?" என்று கேட்டாள்.

"கிடைத்தது."

"உனக்கு?"

"இல்லை."

மோரீன் போனை வைத்துவிட்டாள்.